நார்க்கட்டிக்கு ஹார்மோன் மருந்து: கட்டி கரையுமா, தவணைதான் கிடைக்குமா?

#1 மருந்துக்கடை கொழிஞ்சாம்பாறை

கவுண்டர்ல ரெண்டு சீட்டு ஒண்ணா வருதுங்க. ஒண்ணு கோவையில எழுதினது, இன்னொண்ணு பாலக்காட்டுல எழுதினது. கர்ப்பப்பையில வர்ற நார்க்கட்டிக்கு (ஃபைப்ராய்டு) அங்க "கட்டி"ன்னு பேரு, இங்க மலையாளத்துல "கர்ப்பாசயத்துல முழ". ஒரே பொம்பளை, ஒரே கட்டி. ஒரு சீட்டுல நார்எதிஸ்டிரோன் 5, இன்னொண்ணுல டிரானெக்சாமிக் 500. "இதுல எதுங்க கட்டியக் கரைக்கிற மாத்திரை?"ன்னு கேட்கிறாங்க.

ரெண்டுமே இல்லைங்க. ரெண்டும் உதிரப்போக்கைக் குறைக்கிற மருந்து, அவ்வளவுதான். டிரானெக்சாமிக் ஹார்மோனே கிடையாது. கட்டியைச் சுருக்குற மருந்துகள் தனியா இருக்குது, அதுவும் நிறுத்தினா திரும்ப வளரும். எந்த மருந்து எதுக்கு, எத்தனை நாள், எங்க தப்பிப் போகுதுன்னு விவரம் தெரிஞ்சவங்க இங்க எழுதுங்க. மாதவிலக்கு நிக்காத வயசுக்காரங்களுக்கு மட்டும் பேசுவோம்.

#2 மகப்பேறு டாக்டர், கோவை

நல்ல இடத்தில் ஆரம்பித்திருக்கிறீர்கள். கட்டிக்குத் தீனி போடுவது ஈஸ்ட்ரோஜன் மட்டும்தான் என்று நெடுநாள் நினைத்தோம். உண்மையில் ஈஸ்ட்ரோஜன் செய்யும் பெரிய வேலை, கட்டியின் செல்களில் புரோஜெஸ்டிரோன் ஏற்பிகளைக் கூட்டிவிடுவது. வளரச் சொல்லி உத்தரவு போடுவது புரோஜெஸ்டிரோன்.

நார்எதிஸ்டிரோன், மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் எல்லாம் புரோஜெஸ்டிரோன் வகை. ரத்தம் வருவது கர்ப்பப்பையின் உட்சவ்விலிருந்து. அந்தச் சவ்வை இவை மெலிய வைக்கும், அதனால் போக்கு குறையும். கட்டிக்கு மட்டும் இவை எதிரி அல்ல. "ஆறு மாசமா மாத்திரை போட்டும் கட்டி அப்படியே இருக்கே" என்று அலுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. அந்த மாத்திரையிடம் கேட்கக்கூடாததைக் கேட்கிறோம்.

ஹார்மோன் மருந்து நமக்கு வாங்கித் தருவது தவணை. ரத்தம் ஊறுவதற்கோ, அறுவை சிகிச்சை நாள் வரைக்குமோ, 47, 48 வயதுக்காரர் என்றால் மாதவிலக்கு நிற்கும் வரைக்குமோ. எதற்காகத் தவணை வாங்குகிறோம் என்று முடிவு செய்யாமல் எழுதும் சீட்டுதான் ஊர் ஊராக அலைகிறது.

#3 ஸ்கேன் ரூம், பொள்ளாச்சி

ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரியாம மருந்து பேசி பிரயோசனமில்லை. எல்லாரும் "எத்தனை செ.மீ."ன்னுதான் பார்க்கிறாங்க. முதல்ல பார்க்க வேண்டியது இடம். ஃபிகோங்கிற உலக மகப்பேறு மருத்துவச் சங்கத்தோட முறைப்படி 0 லேந்து 8 வரை டைப் நம்பர் உண்டு. 0, 1, 2 மூணும் உள்ளறைக்குள்ள துருத்திட்டு நிக்கிறது. 3 முழுக்கச் சதைக்குள்ள, ஆனா உட்சவ்வைத் தொட்டுட்டு இருக்கும். 4 சவ்வைத் தொடாம சதைக்குள்ளயே இருக்கிறது. 5, 6 வெளிப்பக்கம் புடைச்சது. 7 காம்போட வெளியில தொங்குறது. 8 கர்ப்பப்பை வாய் மாதிரி மத்த இடங்கள்.

2 செ.மீ. டைப் 1 கட்டி பக்கெட் பக்கெட்டா ரத்தம் கொட்ட வைக்கும். 7 செ.மீ. டைப் 6 ஒரு சொட்டுக்கூட அதிகமாக்காம இருக்கும், மூத்திரப்பையை அமுக்கும், அவ்வளவுதான்.

இன்னொண்ணு, சுருங்கிச்சான்னு பார்க்கிற கணக்கு. மூணு அளவையும் பெருக்கி 0.52 ஆல பெருக்கினா கன அளவு மில்லிலிட்டர்ல வரும். 6×5×5 கட்டி 78 மி.லி. மூணு மாசம் ஊசி போட்டு 5×4×4 ஆச்சுன்னா 42 மி.லி. பக்கத்துக்கு 1 செ.மீ.தான் குறைஞ்சிருக்குன்னு வருத்தப்படுவாங்க. கிட்டத்தட்ட பாதி போயிருச்சுங்கிறது கண்ணுக்குத் தெரியாது. அதே மாதிரி, வேற ஆள், வேற மெஷின்ல பார்த்தா சில மில்லிமீட்டர் மாறத்தான் செய்யும். "5.1 இருந்தது 5.4 ஆயிருச்சு"ன்னு பயந்து மருந்தை மாத்தாதீங்க.

#4 வேலந்தாவளம் மருமகள்

ஏனுங்க, எங்க நாத்தனாருக்கு வயசு 38, ரெண்டு குழந்தை, இனி வேண்டாம்னுட்டாங்க. 4 செ.மீ. கட்டி, டைப் 4ன்னு போட்டிருக்குது. எச்.பி. 8.2, எடை 55 கிலோ. ஹார்மோன் லூப் போடலாம்ங்கிறாங்க. காப்பர் டி போட்டா போக்கு அதிகமாகும்னு எல்லாரும் சொல்றாங்களே, இதுவும் அதுதானுங்களே?

#5 ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ், சித்தூர் (பாலக்காடு)

இல்லை கண்ணு, பேருதான் ரெண்டுக்கும் லூப். காப்பர் டி போக்கைக் கூட்டும். இது லெவோநார்ஜெஸ்டிரல் 52 மில்லிகிராம் வெச்ச லூப், தினமும் 20 மைக்ரோகிராம் கணக்குல உள்ளறையிலேயே மருந்தை விடும். சவ்வு மெலிஞ்சு போக்கு குறையும், நிறையப் பேருக்கு ஒரு வருஷத்துல தீட்டே வராத நிலைக்குப் போயிரும். அது உள்ள ரத்தம் தேங்குறதில்லை. தேங்குறதுக்கு அங்க ஒண்ணும் உருவாகவே இல்லை.

போடுற நாள்: தீட்டு ஆரம்பிச்சு 7 நாளுக்குள்ள. கர்ப்பம் இல்லைன்னு உறுதி பண்ணிட்டு, வெள்ளைப்படுதலோ புண்ணோ இருந்தா அதை ஆத்திட்டு. உள்ளே கம்பி விட்டு ஆழம் பார்ப்பாங்க, 6 லேந்து 10 செ.மீ.க்குள்ள இருக்கோணும். பெரிய கட்டி இழுத்து அறை 12 செ.மீ. ஆழமாயிருச்சுன்னா லூப் நிக்காது.

இதுல தப்பிப் போறது ரெண்டு இடம். முதல் 3 லேந்து 6 மாசம் சொட்டு சொட்டா, நாள் கணக்கில்லாம படும். இதை முன்னாடியே சொல்லாம அனுப்பினா ரெண்டாம் மாசமே வந்து "எடுத்துருங்க"ம்பாங்க. இன்னொண்ணு, லூப் தானா நழுவி விழுறது. அறைக்குள்ள துருத்துற கட்டி இருந்தா அது அதிகம். 4லேந்து 6 வாரத்துல நூலைப் பார்க்க வரச் சொல்லணும். அடங்கியிருந்த போக்கு திடீர்னு பழையபடி கொட்டினாலோ, நூல் நீளமா தட்டுப்பட்டாலோ நழுவிருச்சுன்னு அர்த்தம். ஸ்கேன் பாருங்க.

#6 ஸ்கேன் ரூம், பொள்ளாச்சி

அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். டைப் 0, 1 ன்னு வந்தா லூப்பும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். கருப்பைக்குள்ள கேமரா விட்டுச் சுரண்டி எடுக்கிறதுதான் சரியான வழி.

#7 மருந்துக்கடை கொழிஞ்சாம்பாறை

நார்எதிஸ்டிரோனுக்கு வர்றேன். எங்க பகுதியில அதிகமா தப்பா ஓடுற மாத்திரை இதுதான். கொட்டுற ரத்தத்தை நிறுத்த 5 மில்லிகிராம் தினம் மூணு வேளை, 10 நாள். ஒண்ணுலேந்து மூணு நாள்ல நிக்கும். நின்னவுடனே மாத்திரையையும் நிறுத்திருவாங்க. நாலு நாள்ல மறுபடி கொட்டும். "மாத்திரை கேட்கலை"ன்னு வருவாங்க. 10 நாள் முழுசா போட்டாலும் நிறுத்தின 2லேந்து 4 நாள்ல ஒரு போக்கு வரத்தான் வரும், அது வரணும். அதைப் பார்த்துட்டு சீட்டே இல்லாம அடுத்த அட்டை கேட்கிறாங்க. கோயில் திருவிழா, கல்யாணம், சபரிமலைக்கு மாலை போட்ட வீடுன்னு தள்ளிப்போடவும் இதே அட்டைதான்.

#8 மகப்பேறு டாக்டர், கோவை

இதில் இரண்டு விஷயம். மாதாமாதம் சீராகத் தர வேண்டுமானால் 5ஆம் நாள் முதல் 26ஆம் நாள் வரை, மூன்று வேளை. 19 முதல் 26 வரை மட்டும் தருவது பழைய பழக்கம். அதிக உதிரப்போக்குக்கு அது உதவாது என்று தெரிந்தும் இன்னும் எழுதுகிறார்கள்.

இரண்டாவது, 15 மில்லிகிராம் அளவில் போடும்போது அதில் ஒரு சிறு பங்கு உடம்புக்குள் எத்தினில் ஈஸ்ட்ரடையாலாக மாறும். அதாவது கருத்தடை மாத்திரையில் இருக்கும் அதே ஈஸ்ட்ரோஜன். "இது புரோஜெஸ்டிரோன்தானே, ஆபத்தில்லை" என்று நினைத்துவிடக் கூடாது. காலில் ரத்தக்கட்டு (ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைவது) வந்தவர், கண்ணில் மின்னல் வெட்டி ஒற்றைத் தலைவலி வருபவர் ஆகியோருக்கு நான் நார்எதிஸ்டிரோன் எழுதமாட்டேன். மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் 10 மில்லிகிராம்தான்.

சாதாரணக் கருத்தடை மாத்திரையும் போக்கைக் குறைக்கும், கட்டியைச் சுருக்காது. அரசு தரும் மாலா-என் அட்டையில் லெவோநார்ஜெஸ்டிரல் 0.15, எத்தினில் ஈஸ்ட்ரடையால் 0.03 மில்லிகிராம். கடைசி ஏழு மாத்திரை இரும்புச்சத்து. 35 தாண்டிப் புகைப்பவர், கட்டுப்படாத ரத்த அழுத்தம், மேலே சொன்ன தலைவலி இருந்தால் வேண்டாம்.

#9 ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ், சித்தூர் (பாலக்காடு)

சாயா மாத்திரையையும் சொல்லிருங்க டாக்டர். சப்சென்டர்ல குடும்பக்கட்டுப்பாட்டுக்குத் தர்றது ஓர்மெலாக்சிஃபீன் 30. முதல் மூணு மாசம் வாரம் ரெண்டு, அப்புறம் வாரம் ஒண்ணு. அதிகப் போக்குக்கு எழுதுறது 60, வாரம் ரெண்டு வீதம் 12 வாரம், பிறகு வாரம் ஒண்ணு 12 வாரம். மருந்து ஒண்ணு, அளவு வேற. "வீட்டுல சாயா இருக்குது"ன்னு அதையே போடுறாங்க, பாதி அளவுதான் போகுது.

#10 மகப்பேறு டாக்டர், கோவை

சரி. லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்த மருந்து அது. தீட்டைத் தள்ளிப்போடும், சிலருக்கு சினைப்பையில் நீர்க்கட்டி வரும். நாள் 15 தள்ளினால் கர்ப்பப் பரிசோதனை கட்டாயம். நார்க்கட்டிக்கு அதை முதல் மருந்தாக நான் எழுதுவதில்லை.

#11 வேலந்தாவளம் மருமகள்

அப்ப கட்டி சுருங்குறதுக்கு ஊசிங்கிறாங்களே, அது என்னங்க? வயித்துல போடுறதாமே?

#12 ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ், சித்தூர் (பாலக்காடு)

ரெண்டு வகை கைக்கு வரும். லூப்ரோலைடு 3.75, மாசத்துக்கு ஒண்ணு, சதையில போடுறது. 11.25ன்னா மூணு மாசத்துக்கு ஒண்ணு. இன்னொண்ணு கோசெரெலின் 3.6. அது திரவமில்லை, அரிசி மணி மாதிரி ஒரு குச்சி, தொப்புளுக்குக் கீழே தோலடியில ஏத்துறது, 28 நாளுக்கு ஒருக்கா. ஊசி தடிமன், அதனாலதான் பயப்படுறாங்க.

லூப்ரோலைடு பொடியா வரும், கூடவே கலக்குற நீர் இருக்கும். கலக்கினவுடனே போடோணும். கலக்கி வெச்சுட்டு பேஷண்டைக் கூப்பிட்டா அடியில படிஞ்சு ஊசியை அடைச்சுக்கும், முழு டோஸ் போகாது.

முதல் ஊசி போட்ட ஒண்ணு ரெண்டு வாரம் ஹார்மோன் இறங்காது, ஏறும். அந்தச் சமயம் ஒரு பெரிய போக்கு வரலாம். இது தெரியாம "ஊசி போட்டதும் மோசமாச்சு"ன்னு ரெண்டாவதுக்கு வராதவங்க நிறைய. முதல் மாசத்துக்கு டிரானெக்சாமிக் கையில கொடுத்தனுப்பணும்.

#13 மகப்பேறு டாக்டர், கோவை

மூன்று மாதத்தில் கட்டியின் கன அளவு ஏறத்தாழ 35 முதல் 60 சதவீதம் குறையும். தீட்டு நிற்கும், எச்.பி. ஏறும். இந்த ஊசியின் உண்மையான பயன் அதுதான்: எச்.பி. 7 உடன் மேஜைக்குப் போக வேண்டியவர் 11 உடன் போகிறார். தொப்புள் வரை வெட்ட வேண்டிய இடத்தில் பிகினிக் கோட்டில் வெட்டினால் போதும் என்றாகிறது.

விலையும் உண்டு. உடல் கொதிப்பு, தூக்கமின்மை, வறட்சி, எலும்புத் தேய்மானம். எலும்பைக் காக்கக் கூடவே தரும் துணை ஹார்மோன் இல்லாமல் 6 மாதத்துக்கு மேல் கூடாது. நிறுத்திய சில மாதங்களில் கட்டி பழைய அளவுக்கே போய்விடும். கட்டியை மட்டும் எடுக்கிற அறுவை என்றால் இன்னொரு சங்கடம்: ஊசிக்குப் பிறகு கட்டிக்கும் சதைக்கும் நடுவிலுள்ள பிளவு மங்கிவிடும், உரித்தெடுப்பது கஷ்டம். சிறு கட்டிகள் கைக்குத் தட்டாமல் தப்பி, பின்னால் வளரும். எச்.பி. நன்றாக இருப்பவருக்கு வழக்கத்துக்காக மூன்று ஊசி எழுதுவதை நான் ஏற்கவில்லை.

#14 செங்கோட்டை பார்மசிஸ்ட்

வாயால சாப்பிடுறது வந்துருச்சுல்லா, அதையும் எழுதுங்க. ரெலுகோலிக்ஸ் 40, ஈஸ்ட்ரடையால் 1, நார்எதிஸ்டிரோன் அசிட்டேட் 0.5 மூணும் ஒரே மாத்திரையில, தினம் ஒண்ணு. அமெரிக்காவுல 2021 மே மாசம் அனுமதி. அதுக்கு முந்தி 2020ல எலகோலிக்ஸ் 300 ரெண்டு வேளை, அதே துணை ஹார்மோனோட. இது ஊசி மாதிரி முதல்ல ஏத்திட்டு இறக்குறதில்ல, நேரா அடக்கும். கூட இருக்கிற ரெண்டு ஹார்மோனும் எலும்பைக் காக்க.

பார்மசிஸ்டுகளுக்கு ஒரு எச்சரிக்கை: ரெலுகோலிக்ஸ் 120ன்னு தனி மாத்திரை இருக்கு. அது ஆம்பளைங்களோட புராஸ்டேட் புற்றுநோய்க்கு. சீட்டுல "ரெலுகோலிக்ஸ்"னு மட்டும் இருந்தா போன் போட்டுக் கேளுங்க. எரித்ரோமைசின் கூட ஓடினா ரத்தத்துல அளவு ஏறும். தவிர்க்கணும். முடியாட்டி ரெலுகோலிக்ஸ முதல்ல கொடுத்து 6 மணி நேரம் இடைவெளி விடணும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் போடுறவங்களுக்கு மருந்தோட வேலை குறைஞ்சு போகும்.

#15 மகப்பேறு டாக்டர், கோவை

சோதனைகளில் இந்த ரெலுகோலிக்ஸ் கூட்டு மாத்திரையை 24 வாரம் சாப்பிட்டவர்களில் 71 முதல் 73 சதவீதம் பேருக்குப் போக்கு 80 மி.லி.க்குக் கீழ் வந்து, பாதிக்கும் மேல் குறைந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 முதல் 19 சதவீதம். தீட்டு தொடங்கிய 5 நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும், முதல் மாதம் காண்டம் கட்டாயம். அமெரிக்க விதிப்படி 24 மாதம் உச்சவரம்பு. கருத்தடை மாத்திரை யாருக்கு ஆகாதோ அவர்களுக்கு இதுவும் ஆகாது, ஏனென்றால் உள்ளே ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. போக்கு நன்றாகக் குறையும். கட்டி சிறுப்பதில் ஊசிக்கு நிகரில்லை.

#16 மருந்துக்கடை கொழிஞ்சாம்பாறை

மிஃபெப்ரிஸ்டோன் பத்தியும் கேட்கிறாங்க டாக்டர். கருக்கலைப்பு மாத்திரையை உடைச்சுப் போட்டா கட்டி கரையும்னு ஒரு வாட்ஸ்அப் சுத்துது.

#17 மகப்பேறு டாக்டர், கோவை

மருந்து உண்மை, வழி ஆபத்து. கருக்கலைப்புக்கு 200 மில்லிகிராம். கட்டிக்கு ஆய்ந்தது 10 அல்லது 25, தினமும், பெரும்பாலும் மூன்று மாதம். 200ஐ எட்டாக உடைத்து அளவு சரியாக வராது. புரோஜெஸ்டிரோன் ஏற்பியைத் தடுப்பதால் கட்டி சிறுக்கும், தீட்டு நிற்கும். ஆனால் உட்சவ்வு ஒரு விதமாகத் தடிக்கும். தெரியாத பயாப்ஸி மருத்துவர் அதைப் புற்றுக்கு முந்தைய நிலை என்று எழுதிவிடலாம். மாதிரி அனுப்பும்போது இந்த மருந்து ஓடுவதைச் சீட்டில் எழுதியே ஆகவேண்டும்.

அதே குடும்பத்து யூலிபிரிஸ்டால் 5ஐ ஐரோப்பாவில் கொண்டாடினார்கள். சிலருக்குக் கல்லீரல் பழுதாகி மாற்று உறுப்பு வரை போனது. 2020 மார்ச்சில் நிறுத்தி வைத்தார்கள். பிறகு அறுவையோ, கட்டிக்கு ரத்தம் போகும் குழாயை அடைக்கும் சிகிச்சையோ செய்ய முடியாதவர்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். கல்லீரல் சோதனை இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

#18 செங்கோட்டை பார்மசிஸ்ட்

ஆயுர்வேத அசோகாரிஷ்டம்? புனலூர் போய் வாங்கிட்டு வர்றவுக நிறைய.

#19 ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ், சித்தூர் (பாலக்காடு)

குடிக்கிறவங்களைத் தடுக்கிறதில்லை. கட்டி சுருங்கினதுக்கு நம்புற மாதிரி ஆதாரம் கிடையாது. அரிஷ்டம்னாலே தானா ஊறின சாராயச்சத்து இருக்கும், ஈரல் நோய்க்காரங்க கவனிக்கோணும். குடிச்சுட்டு எச்.பி. பார்க்காம ஒரு வருஷம் ஓட்டுறதுதான் கெடுதல்.

போக்கை அளக்கவும் கத்துக்குங்க. முழுசா நனைஞ்ச பேடுக்கு 20 மார்க், பாதி நனைஞ்சதுக்கு 5, லேசா பட்டதுக்கு 1. சின்னக் கட்டி ரத்தம் 1, பெரிய கட்டி 5. ஒரு தீட்டு முழுக்கக் கூட்டி 100 தாண்டினா அதிகப் போக்கு. முழுசா நனைஞ்சது அஞ்சு வந்தாலே 100 ஆயிருச்சு பாருங்க. மருந்துக்கு முன்னாடி ஒரு மாசம், மூணு மாசம் கழிச்சு ஒரு மாசம் எழுதி வெச்சா, கேட்குதா கேட்கலையான்னு யாரும் ஊகிக்க வேண்டியதில்லை.

#20 மகப்பேறு டாக்டர், கோவை

வேலந்தாவளத்தாருக்கு இப்போது பதில் சொல்லலாம். டைப் 4, 4 செ.மீ., அறை கெடவில்லை, குழந்தை வேண்டாம். லூப் பொருத்தம். ஊசி தேவையில்லை. ஆனால் 8.2 எச்.பி.யை விட்டுவிட்டு லூப்பை மட்டும் பேசாதீர்கள்.

இரும்புக் கணக்கு: எடை × (15 - எச்.பி.) × 2.4, அதோடு 500. 55 × 6.8 × 2.4 = 898. 500 சேர்த்தால் ஏறத்தாழ 1,400 மில்லிகிராம். மாத்திரையில் இதை நிரப்பப் பல மாதம் ஆகும், அதற்குள் ஒவ்வொரு தீட்டும் எடுத்துக்கொண்டு போகும். ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் 1,000 மில்லிகிராம், 250 மி.லி.க்கு மேற்படாத சலைனில், 15 நிமிடத்துக்குக் குறையாமல். அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மீதி. ஊசி நரம்பை விட்டு நழுவினால் தோலில் பழுப்புக் கறை வருஷக்கணக்கில் நிற்கும். எரிச்சல் என்றால் உடனே சொல்லச் சொல்லுங்கள்.

தீட்டு நாட்களில் டிரானெக்சாமிக் 500 இரண்டிரண்டாக மூன்று வேளை, 4 நாள். தீட்டு வந்த முதல் நாளே தொடங்க வேண்டும். மூன்றாம் நாள் ஆரம்பித்தால் கொட்ட வேண்டியது கொட்டி முடிந்திருக்கும். காலில் ரத்தக்கட்டு வந்தவருக்குக் கூடாது. லூப்புக்கு முன் டி.எஸ்.எச். (தைராய்டு சோதனை), ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), கர்ப்பப் பரிசோதனை. 45 தாண்டியவர், இல்லை இடையிடையே படுபவர், பருமன், பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) உள்ளவர் என்றால் உட்சவ்விலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்காமல் எந்த ஹார்மோனும் தொடங்கக் கூடாது.

#21 வேலந்தாவளம் மருமகள்

ரொம்ப நன்றிங்க டாக்டர். கார்டு கேரளாவுது, ஆஸ்பத்திரி கோவையில. காப்பீட்டுல வருமுங்களா?

#22 மருந்துக்கடை கொழிஞ்சாம்பாறை

கேரளாவோட காருண்யா ஆரோக்ய சுரக்ஷாவும் சரி, தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடும் சரி, பெரும்பாலும் படுத்து வைத்தியம் பார்க்கிறதுக்குத்தான். வந்து ஊசி போட்டுட்டுப் போறதுக்குக் கைக்காசுதான். அதனால மருந்தை பாலக்காட்டுப் பக்கம் காருண்யா மருந்துக்கடையிலயும், ஜன் ஔஷதியிலயும் விசாரிச்சுட்டு வாங்குங்க. கட்டியை எடுக்கோணும்னு ஆனா மட்டும் கார்டு எந்த ஆஸ்பத்திரியில செல்லும்னு முன்கூட்டியே காப்பீட்டு கவுண்டர்ல கேட்டுருங்க.

#23 ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ், சித்தூர் (பாலக்காடு)

கண்ணு, மணிக்கு ஒரு பேடு வீதம் ரெண்டு மணி நேரம் தொடர்ந்து நனைஞ்சா, தலை சுத்தினா, மூத்திரம் அடைச்சா, வயிறு தாங்காம வலிச்சா ராத்திரின்னு பார்க்காம கிளம்புங்க. ரெண்டு ஊர்ச் சீட்டையும், போட்ட மாத்திரையோட காலி அட்டையையும் ஒரே பையில எடுத்துட்டுப் போங்க. அட்டை மேல ஆரம்பிச்ச தேதியைப் பேனாவுல எழுதி வெச்சிருங்க.